வலிக்காத கை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் சிலுவைப் போர்க் காலத்துச் சரித்திரச் சிறுகதை ஒன்றை வெளியிட்டிருந்தீர்கள். ஜெருசலேமை ஆண்ட நான்காம் பால்ட்வின் என்ற இளம் அரசரைப் பற்றியது. தொழுநோய் வந்த அரசர். நான் தொழுநோய்ப் பிரிவில் 27 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள். கதையை இரண்டு தடவை படித்தேன். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். மோன்கிசார் போரைக் கதையாசிரியர் அருமையாக எழுதியிருக்கிறார். 1177 நவம்பர் 25. அரசருக்கு அப்போது வயது 16. எதிரே எகிப்து சுல்தான் சலாவுதீனின் பெரும்படை. போருக்கு முன் குதிரையிலிருந்து இறங்கி, சிலுவைக்கு முன்னால் மண்ணில் விழுந்து அழுகிற இடத்தில் நானும் கலங்கினேன். அது கற்பனை அல்ல, பழைய வரலாற்றுக் குறிப்பில் இருப்பதுதான். ஆசிரியர் தேடிப் படித்திருக்கிறார் என்பது தெரிகிறது. அதனால்தான் அடுத்து வந்த மோதிரக் காட்சி எனக்கு அவ்வளவு வருத்தமாக இருந்தது.

அந்தக் காட்சியில் ஒரு பணியாள் அரசரின் விரலில் முத்திரை மோதிரத்தை மாட்டுகிறான். அரசர் வலி தாங்காமல் அலறுகிறார். விரல் சதை மோதிரத்தோடு பிய்ந்து வருகிறது. சுற்றி நிற்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுகிறார்கள்.

இந்த நோயில் நடப்பது இதற்கு நேர்மாறானது. கிருமி நரம்பைப் பிடிக்கிறது. பிடித்த இடத்தில் முதலில் போவது உணர்ச்சி. தொட்டால் தெரியாது, சுட்டால் தெரியாது, குத்தினாலும் தெரியாது. எங்கள் பிரிவுக்குப் புதிதாக வருபவரைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் தோலில் மெல்லத் தொடுவோம். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். ஆரோக்கியமான இடத்தைச் சட்டென்று காட்டுவார்கள். தேமல் இருக்கும் இடத்தைத் தொட்டுவிட்டுக் காத்திருப்போம். அவரும் காத்திருப்பார், இன்னும் தொடவில்லை என்று நினைத்து. அந்தச் சில நொடிகள்தான் என் வேலையிலேயே எனக்குக் கனமானவை.

இதே சோதனை பால்ட்வினுக்கும் நடந்திருக்கிறது, 850 ஆண்டுகளுக்கு முன்னால், விளையாட்டாக. அவனுக்கு ஒன்பது வயது இருக்கும்போது தந்தை அமல்ரிக் அவனைப் படிக்க வைத்தது பாதிரியார் வில்லியமிடம். பிற்பாடு தீரு நகரத்துப் பேராயர் ஆனவர். தன் வரலாற்று நூலில் அவரே எழுதியிருக்கிறார். பிரபுக்களின் பிள்ளைகளோடு பால்ட்வின் விளையாடுகிறான். கைகளில் நகத்தால் கிள்ளிக்கொள்கிற விளையாட்டு. மற்றப் பிள்ளைகள் வலித்துக் கத்துகிறார்கள். இவன் மட்டும் சத்தமே போடவில்லை. இதைச் சிலமுறை பார்த்தவர்கள் வில்லியமிடம் வந்து சொன்னார்கள். பையனுக்குப் பொறுமை அதிகம் என்றுதான் அவரும் முதலில் நினைத்தார். அப்புறம் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார். வலது கையில் ஏறக்குறைய பாதி மரத்துப் போயிருந்தது. கிள்ளினாலும் கடித்தாலும் அவனுக்குத் தெரியவில்லை. உணர்ச்சி இல்லாத உறுப்பு நலமாக இருக்கும் உறுப்பு அல்ல, நோய் இருப்பதை உணராதவன்தான் பெரிய ஆபத்தில் இருக்கிறான் என்ற முன்னோர் வாக்கு அப்போது நினைவுக்கு வந்ததாக வில்லியம் எழுதுகிறார்.

கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் கண்டுபிடித்தது 1873இல். அதற்கு 700 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு வாத்தியார் தன் மாணவனின் கையைப் பிடித்துப் பார்த்துச் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். இதைப் படித்த நாளிலிருந்து அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. வளர்ந்த பிறகு அது தொழுநோய்தான் என்று உறுதியானதைக் கண்ணீரில்லாமல் சொல்ல முடியாது என்றும் எழுதியிருக்கிறார். இப்படி ஒரு காட்சி கையில் இருக்கும்போது மோதிரமும் அலறலும் எதற்கு?

வலியே கிடையாது என்று நான் சொல்லவரவில்லை. நரம்பு வீங்கும் காலத்தில் முழங்கையிலிருந்து சுண்டுவிரல் வரை வலி உயிரை எடுக்கும். ஆனால் தொடுகிற மோதிரம் வலிக்காது. சதை தானாக அழுகி உதிர்வதும் கிடையாது. சூடான பாத்திரத்தை வெறும் கையால் பிடிக்கிறார், கொப்புளம் வருகிறது, தெரியவில்லை. அதே கையால் வேலை செய்கிறார், புண்ணாகிறது, சீழ் பிடிக்கிறது, எலும்பு வரை போகிறது. விரல் குட்டையாவது இப்படித்தான். என்னிடம் வந்த ஒரு பெரியவர் செருப்புக்குள் ஆணி ஏறியது தெரியாமல் நாள் முழுக்க நடந்திருந்தார். இரத்தத்தை மற்றவர்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தாராம்.

உணர்ச்சியில்லாத கையோடு பால்ட்வின் குதிரை ஓட்டினார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். கடிவாளத்தின் இழுப்பு அந்தக் கைக்குத் தெரியாது. தொடையாலும் முழங்காலாலும் குதிரையை நடத்தப் பழகியிருக்க வேண்டும். அவருக்குக் குதிரையேற்றம் கற்றுக் கொடுத்தவர் அபுல் கைர், ஓர் அரபுக் கிறித்தவ மருத்துவர் குடும்பத்தைச் சேர்ந்தவர். நோயாளியின் உடம்பைப் புரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று ஒரு சிறுவனுக்குச் சவாரி பழக்குகிறார். அதை யாராவது கதையாக எழுதினால் முதல் ஆளாக நான் படிப்பேன்.

மூக்கைப் பொத்தி விலகிய அரசவை பற்றியும் ஒரு வார்த்தை. 1174இல் 13 வயதில் பட்டம் ஏறியவர், 1185இல் இறக்கும்வரை அரசராகவே இருந்தார். நோய் எல்லோருக்கும் வெளிப்படையாகத் தெரிந்த பிறகும் அரியணையை விட்டு யாரும் அவரை இறக்கவில்லை. 1183இல் கண் பார்வை போய், கை கால் விளங்காத நிலையில் கெராக் கோட்டையைக் காப்பாற்றப் பல்லக்கில் படுத்தபடி படையோடு போனார். படை பின்னால் வந்தது. அதற்காக அந்தக் காலத்தில் எல்லோரும் அன்பாக நடந்துகொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். போப் மூன்றாம் அலெக்சாண்டரே 1181இல் எழுதிய கடிதத்தில் அரசரின் நோயைக் கடவுளின் நீதித் தீர்ப்பு என்றுதான் குறிப்பிட்டார். ஆனால் ஜெருசலேம் மதில் ஓரத்தில் புனித லாசரஸ் பெயரில் தொழுநோயாளிகளுக்கென்று ஒரு மடம் இருந்தது. நோய் வந்த வீரர்கள் அங்கே சேர்ந்தார்கள். அருவருப்பும் ஆதரவும் இரண்டும் இருந்த காலம் அது. கதையில் அருவருப்பு மட்டும் வந்திருக்கிறது.

கதையோடு வந்த ஓவியத்தில் அரசருக்குப் போட்டிருந்த வெள்ளி முகமூடியும் வேண்டாம். அரசரோடு பழகிய வில்லியம் எழுதியதில் அப்படி ஒன்று இல்லவே இல்லை.

கதைதானே, இவ்வளவு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தாய் பன்னிரண்டு வயது மகனை என்னிடம் அழைத்து வந்தபோது அவன் விரல்கள் ஏற்கனவே மடங்கத் தொடங்கியிருந்தன. முதுகிலும் கையிலும் தேமல் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டேன். “வலிக்கலைன்னு சொன்னான் சிஸ்டர், அதனால சும்மா விட்டுட்டோம். அந்த நோயா இருந்தா அழுகி வலிக்கும்ல?” என்றார். அவரிடம் கோபப்பட எனக்கு வாயில்லை. கதையிலும் படத்திலும் அவர் பார்த்தது அதைத்தான். இன்று கூட்டு மருந்தை ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ ஒழுங்காகச் சாப்பிட்டால் நோய் குணமாகிவிடும். ஆனால் மடங்கிப் போன விரலை மருந்து நிமிர்த்தாது. வலிக்காத தேமலைப் பார்த்தவுடன் வர வேண்டும்.

இந்தக் கதை தொகுப்பாக வந்தால் அந்த ஒரு பத்தியை மாற்றி எழுதும்படி கதையாசிரியரை நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன், இதுவும் வில்லியம் எழுதியதுதான். 1183-84 குளிர்காலம். அரசரின் அக்கா சிபில்லா. அவளுடைய கணவன் கீ, அரசர் அழைத்தும் வராமல் அஸ்கலோன் நகரத்துக்குள் இருந்துகொண்டான். அரசரே அங்கே போனார். வாசல் கதவு சாத்தியிருந்தது. தன் கையாலேயே கதவைத் தட்டித் திறக்கச் சொன்னார். யாரும் திறக்கவில்லை.

கண் தெரியாது. தட்டுகிற கைக்குக் கதவின் மரமும் தெரியாது. சத்தம் மட்டும்தான் அவருக்குக் கேட்டிருக்கும். கதையாசிரியரால் இதை எழுத முடியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்