ஓ குரூப் பெருமையும் அக்கா கல்யாணமும்

அடியே கோமதி,

பொங்கலுக்கு அனுப்பின மெசேஜுக்கே நீ பதில் போடலைன்னு கோபமாத்தான் இருந்தேன். நேத்து அம்மா போன்ல சொன்ன சேதியைக் கேட்டதும் கோபமாவது ஒண்ணாவதுன்னு எழுத உட்கார்ந்துட்டேன். வீட்ல எல்லாரும் சுகம்தானே? இங்கே மெஸ் சாம்பாரைத் தவிர எல்லாம் சுகம்.

முதல்ல உன் பெருமையை உடைக்கிறேன். "நான் ஓ குரூப், ஊருக்கே ரத்தம் கொடுப்பேன்"னு பீத்திக்குவியே, அந்த ஓ-வும் சேராத ஆளுங்க இருக்காங்க! பிசியாலஜி லேப்ல விரலைக் குத்தி, ஸ்லைடுல சொட்டு சொட்டா வச்சு, ஆன்டி-ஏ, ஆன்டி-பி-ன்னு குரூப் கண்டுபிடிக்கிற திரவங்களை விட்டுப் பார்ப்போம். ரண்டுலயும் கட்டி தட்டலைன்னா ஓ-ன்னு எழுதிட்டுப் போயிடுவோம். வினையே அங்கதான். சிவப்பணு மேல எச்-னு ஒரு ஆன்டிஜென், அதாவது அடையாளப் பொருள், இருக்கு. அதுமேலதான் ஏ, பி ரண்டும் உருவாகும். சிலருக்கு அந்த எச்-சே கிடையாது. ஆணியே அடிக்காத சுவத்துல சட்டையை எங்கே மாட்டுறது? அதனால பார்க்க ஓ மாதிரியே இருக்கும், ஆனா ஓ ரத்தம் ஏத்தினா உயிருக்கே ஆபத்து. ஏன்னா ஓ அணுக்கள்லதான் எச் ரொம்ப அதிகம், அவங்க உடம்பு அந்த எச்-சை அந்நியமா நினைச்சுத் தாக்கிடும். 1952-ல டாக்டர் பெண்டேயும் அவர்கூட இருந்தவங்களும் பம்பாய்ல கண்டுபிடிச்சதால பாம்பே குரூப்னு பேரு. இந்தியாவுல சுமார் 10,000 பேர்ல ஒருத்தர். இன்னொரு பாம்பே குரூப்காரர்தான் அவருக்குக் கொடுக்க முடியும். கிளாஸ் முடிஞ்சும் நான் எழுந்திருக்கலை. நம்ம பயாலஜி மிஸ் பார்த்திருந்தா மயங்கியே விழுந்திருப்பாங்க.

சரி, இனி விளையாட்டில்லை. அப்பாகிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணுன்னு பழுதான ஜீன் ரண்டு சேர்ந்தாத்தான் இந்த பாம்பே குரூப் வரும். தலசீமியாங்கிற பரம்பரை ரத்த நோயும் அப்படித்தான், ஆனா அது கடுமையா வந்தா குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏத்த வேண்டியிருக்கும். அக்காவைத் தாய்மாமாவுக்கே பேசி முடிக்கப்போறாங்களாமே! எந்த ஒரு ஜீனை எடுத்தாலும், ஒரே மூதாதையோட அதே ஜீன் ரண்டு பக்கமும் வந்து குழந்தைகிட்ட சேர, அத்தை பையனைக் கட்டினா 16-ல் 1 வாய்ப்பு, தாய்மாமனைக் கட்டினா 8-ல் 1.

மாமா தங்கமான மனுஷன், எனக்குத் தெரியாதா? "மூணு தலைமுறையா நல்லாத்தானே இருக்கோம்"னு பாட்டி சொல்வாங்க. அது பொய்யும் இல்லை, பெரும்பாலான குழந்தைங்க நல்லாத்தான் பிறக்குது. அதனாலயே வாதாடவும் முடியலை. அது கிடக்கட்டும், அக்காவை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?

கல்யாணத்தை நிறுத்தச் சொல்லலை. நாள் குறிக்கிறதுக்கு முன்னாடி ரண்டு பேரும் பரம்பரை நோய் பத்தி ஆலோசனை சொல்ற ஒரு ஜெனடிக் கவுன்சலரைப் பார்த்து, தலசீமியாவுக்கான ரத்தப் பரிசோதனையும் பண்ணிக்கட்டும். நீ அக்காகிட்ட சொல்றியா, இல்லை ஞாயித்துக்கிழமை நான் போன் பண்ணட்டுமா? பாட்டி பக்கத்துல இல்லாத நேரமாப் பார்த்துச் சொல்லு.

உன்
மீனா