பேட்டரி செத்தால் போனையும் புதைக்கணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழ் கேள்வி-பதில் பகுதியில், போன் பேட்டரி உப்பிவிட்டது என்று கேட்ட வாசகருக்கு, 'மாற்றுகிற செலவோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புது போனே வாங்கிவிடலாம்' என்று பதில் சொல்லியிருந்தீர்கள். நல்ல யோசனை. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்றும் போட்டிருந்தால் கடன் கேட்க வசதியாக இருந்திருக்கும்.

சரி, போனை விடுங்கள். என் வீட்டு அலமாரியில் ட்ரிம்மர், எமர்ஜென்சி லைட், புளூடூத் ஸ்பீக்கர் எல்லாம் தூங்குகின்றன. எதிலும் வேறு கோளாறு இல்லை, பேட்டரி மட்டும் போய்விட்டது. ட்ரிம்மரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், கவுன்டரில் இருந்த பையன் கையில்கூட வாங்காமல் 'இதெல்லாம் ஓப்பன் பண்ண முடியாது சார், புதுசு எடுத்துக்கங்க' என்கிறான். அப்புறம் எங்கள் தெருமுனை ரிப்பேர் கடைக்காரர்தான் பிரித்துக் காட்டினார். உள்ளே இருந்தது சாதாரண ஏஏ அளவு செல், சுவர்க் கடிகாரத்தில் போடுகிறோமே அதே அளவு! அதன் இரு முனையிலும் தகடு வைத்துப் போர்டில் சால்டர் அடித்திருக்கிறார்கள். ஒரு ஸ்பிரிங்கும் மூடியும் வைக்க மனசு வரவில்லை.

நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரி உங்களுக்குத் தெரியாததல்ல. 1100 மாடலில் இருந்த அதே பேட்டரி பிறகு மலிவு எஃப்எம் ரேடியோ, ஸ்பீக்கர் என்று எல்லாவற்றிலும் ஓடியது. யாரும் சட்டம் போடாமலே பொது அளவாகிவிட்டது. 2007-ல் அதில் சுமார் 4.6 கோடி பேட்டரிகள் சூடேறக்கூடும் என்று நோக்கியாவே அறிவித்தபோதும், மூடியைத் திறந்து பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலைதான். இன்றைக்குப் பசை போட்டு ஒட்டிய போனில் அது நடக்குமா? கேட்டால், தண்ணீர் புகாமல் இருக்கத்தான் ஒட்டுகிறோம் என்பார்கள். 2014-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 ஐபி67 தரத்தில் தண்ணீரையும் தாங்கியது, பின்மூடியும் நகத்தால் கழன்றது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டம் கொண்டுவந்து, சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரி 18 முதல் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாட்ட முடிய வேண்டும் என்றிருக்கிறது. அங்கேயும் அளவைப் பொதுவாக்கவில்லை. சார்ஜருக்கு டைப்-சி என்று ஒன்றாக்கியவர்களுக்கு இது மட்டும் முடியாதாம்.

கேமராவின் மெகாபிக்ஸலுக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிறீர்களே, பேட்டரி கழற்ற வருமா, தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று ஒரே ஒரு வரி சேர்க்கக் கூடாதா? விளம்பரதாரர்கள் கோபிப்பார்கள் என்றால் பொடி எழுத்தில் போடுங்கள், கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்துக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி