பறக்கும் நேரம் கணக்கிட்டுச் சொல்வோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் இணையதளத்தில் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் போதும், இடையே எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று நொடியில் சொல்லிவிடுகிறீர்கள். அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய வளைகோட்டை எடுத்து, மணிக்கு 800, 900 கிலோமீட்டர் என்று ஒரு வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தால் விடை வந்துவிடும். கணக்கு போடுவதில் தவறில்லை. அது வெறும் மதிப்பீடு என்று பக்கத்தில் ஒரு வார்த்தை போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என் அம்மா இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். நீண்ட பயணம் என்றதும் மருத்துவர் முதலில் கேட்டது, "எத்தனை மணி நேரம் பறப்பீர்கள்?" என்றுதான். டிக்கெட்டில் இருந்ததோ புறப்படும் ஊரின் நேரமும் சேரும் ஊரின் நேரமும். அதனால் நீங்கள் காட்டிய எண்ணைச் சொன்னோம். அதை நம்பித்தான் ஊசி எப்போது, சாப்பாடு எப்போது என்று மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதித் தந்தார். விமானம் சுற்றுப் பாதையில் போனது. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது. இறங்க இன்னும் மூன்று மணி நேரம் என்று முன்னிருக்கைத் திரை காட்டியபோது சர்க்கரை இறங்கி அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுக்கத்தில் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்க முடியாமல் பல்லால் கடித்துக் கிழித்தார்.

2022-இல் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போன விமானம் ஏறக்குறைய 13 மணி நேரம் எடுக்கிறது. ஊர்கள் நகரவில்லை, வளைகோடும் அப்படியேதான் இருக்கிறது. லண்டனிலிருந்து நியூயார்க் போக எட்டு மணி நேரம் ஆகும். திரும்பும்போது மேலடுக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் ஏழு மணி நேரத்தில் வந்துவிடலாம். உங்களிடம் போகவும் வரவும் ஒரே எண்தான்.

தூரத்தை மட்டும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை துல்லியமாகத் தருகிறீர்கள். ஊரின் எந்த மூலையிலிருந்து அளந்தீர்களோ! நேரடி விமானமே இல்லாத ஊர்களுக்கும் பறக்கும் நேரம் சொல்கிறீர்கள். அதை யார் ஓட்டுவதாக உத்தேசம்? ஓட்டல் அறை விளம்பரம் மட்டும் எந்த ஊருக்கும் தவறுவதில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில், ‘மதிப்பீடு’ என்று போடுங்கள். நேரடி விமானம் இருந்தால் நிறுவனங்களின் அட்டவணைப்படி போக எவ்வளவு, வர எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டுங்கள். அந்த அட்டவணையில் விமானம் நிலையத்தை விட்டு நகர்வதிலிருந்து, போய் நிற்கும்வரை எல்லாமே அடங்கும். நேரடி விமானம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். தயவுசெய்து இதைச் சீக்கிரம் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் எண்ணை மருத்துவரிடம் சொன்ன ஒருவர்