காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி எழுதுங்கள்: ஒரு விமான நிறுவன நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பெயரை இந்த மடலில் நான் எழுதவில்லை. எழுதினால் என் மகள் கையில் இன்னொரு கடிதம் கொடுப்பீர்கள் என்ற பயம் எனக்கு இருக்கிறது. எந்த நிறுவனம் என்று உங்களுக்கும் தெரியும், உங்கள் விமானிகளுக்கும் தெரியும். அது போதும்.

விமானிகள் சங்கத்தோடு போன மாதம் நடக்க வேண்டிய சம்பளப் பேச்சுவார்த்தையை முதல்நாள் சாயங்காலம் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் ரத்து செய்தீர்கள். இது நான்காவது தடவை. அதோடு விடாமல், அதே வாரத்தில் சங்கத்தைத் தாண்டி ஒவ்வொரு விமானிக்கும் தனித்தனியாகக் கடிதம் அனுப்பினீர்கள்: இப்போதே கையெழுத்துப் போட்டால் இவ்வளவு, போடாவிட்டால் கூட்டு ஒப்பந்தம் முடிகிறவரை பழைய சம்பளம்தான் என்று. அந்தக் கடிதத்தை என் மகள் எனக்குப் படித்துக் காட்டிய ராத்திரிதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. பின்னணியையெல்லாம் நான் விளக்கப்போவதில்லை. பதினெட்டு மாதமாக உங்கள் மேசையில் கிடக்கிற கோரிக்கைகள் உங்களுக்கு இந்நேரம் மனப்பாடம் ஆகியிருக்கும்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் 31 வருஷம் பால் வெட்டியவள். தோட்டக் கமிட்டியில் பெண்களுக்காகப் பேச என்னைத்தான் அனுப்புவார்கள். என் மகள் உங்கள் துணை விமானி. அவளுடைய விமானத்தை ஓட்ட எனக்குத் தெரியாது, ஆனால் சம்பளச் சீட்டைப் படிக்க எனக்கு நன்றாகவே தெரியும்.

மற்ற எல்லாக் கோரிக்கையையும் உங்கள் விமானிகள் சங்கம் பேசிக்கொள்ளும். நான் ஒன்றே ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன், ஸ்டேண்ட்பை. அதாவது, கூப்பிட்டால் உடனே வரத் தயாராகக் காத்திருக்கும் நாள்.

என் மாமியார் இந்த வருஷத் தொடக்கத்தில் தவறிப்போனார். நான் இருட்டோடு வெட்டுக்குப் போனபோதெல்லாம் என் மகளைக் குளிப்பாட்டி, சடை பின்னி, தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியது அவர்தான். அடக்கத்துக்கு ஒரு நாள் லீவு கிடைத்து ஓடிவந்தாள், மறுநாள் விடிவதற்குள் திரும்பிப் போனாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வர முடியவில்லை. அந்த வாரம் ரோஸ்டரில், அதாவது வேலை அட்டவணையில், அவளுக்கு ஆறு நாள் ஸ்டேண்ட்பை. கூப்பிட்டால் தொண்ணூறு நிமிஷத்தில் விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்பது உங்கள் விதி. இங்கிருந்து சிப்பாங்குக்கு மூன்றரை மணி நேரம். சரி, வேலை என்றால் வேலைதான், நாங்கள் அதற்காகச் சண்டை போடவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், படையலில் வைத்த வடை, அதிரசத்தையெல்லாம் கட்டிக்கொண்டு ரயிலேறி அவள் வாடகை அறைக்குப் போனேன். அங்கே பார்த்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். சீருடைச் சட்டை தேய்த்து ஜன்னல் கம்பியில் தொங்கியது. சப்பாத்து பாலிஷ் போட்டு வாசலைப் பார்த்தபடி இருந்தது. தலைமுடியைக் காலையிலேயே கொண்டை போட்டு வலை மாட்டியிருந்தாள், அது சாயங்காலம் வரை கலையவில்லை. பாட்டிக்குப் படைத்த சோற்றை அவள் வலது கையால் பிசைந்து சாப்பிட, தொலைபேசி இடது கை பக்கத்தில் முகம் மேலே பார்க்கக் கிடந்தது. குளிக்கப் போகும்போது அதை என் கையில் கொடுத்து, “அம்மா, அடிச்சா கதவைத் தட்டும்மா” என்றாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலிலேயே நின்றேன். ஆறு நாளும் அது அடிக்கவில்லை.

மாதக் கடைசியில் சீட்டு வந்தது. ஸ்டேண்ட்பை, 6 நாள். பறந்த நேரம், அந்த வாரத்துக்குப் பூஜ்யம். அந்த ஆறு நாளுக்கென்று ஒரு காசு இல்லை. “அதெல்லாம் அடிப்படைச் சம்பளத்தில் அடங்கும்” என்று உங்கள் மனிதவளப் பிரிவில் சொன்னார்களாம். அந்த அடிப்படைச் சம்பளம் 2020இல் கோவிட் காலத்தில் நீங்கள் வெட்டிய சம்பளம். எல்லைகள் 2022 ஏப்ரல் 1ஆம் தேதி திறந்தாயிற்று, விமானங்கள் நிரம்பி ஓடுகின்றன, வெட்டியது மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.

எனக்கு அந்த அறையில், தோட்டத்தில் வேலைக்கு முன் எல்லாரும் கூடும் பெரட்டுக்களம்தான் ஞாபகம் வந்தது. விடியற்காலை ஐந்தரைக்கு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வாளியும் உளியுமாக வரிசையில் நிற்போம். ராத்திரி மழை பெய்திருந்தால் மரப்பட்டை ஈரமாக இருக்கும். வெட்டினால் பால் கோட்டில் ஓடி மங்குக் கிண்ணத்தில் விழாது, பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். அதனால் எங்களை மேய்க்கும் மண்டோர் பொறுக்கச் சொல்வார். ஏழு மணி ஆகும், எட்டு ஆகும், குளிரில் நடுங்கிக்கொண்டு ஸ்டோர் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்போம், பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டியவளுக்கு மார் கட்டிக்கொண்டு வலிக்கும், வீட்டுக்குப் போக முடியாது, ஏனென்றால் மழை விட்டால் மர வரிசைக்கு, நிரைக்குப் போக வேண்டும். கடைசியில் “இன்னைக்கு வெட்டு இல்லை, போங்க” என்பார். செக்ரோலில், அதாவது கூலிப் பதிவேட்டில், பேர் ஏறாது. மூன்று மணி நேரம் நாங்கள் யாருக்காக அங்கே உட்கார்ந்திருந்தோம்? எங்களுக்காகவா? மழை விட்டால் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்பதற்காகத்தானே? அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் மாதச் சம்பளத்துக்கு எங்கள் சங்கம் வருஷக்கணக்காகப் போராடியது. குறைந்தபட்ச சம்பளம் 900 வெள்ளி (ரிங்கிட்) என்று சட்டமாக வர 2013 ஜனவரி ஆனது. அதற்குள் என் தோள் போய்விட்டது.

என் மகள் உட்கார்ந்திருப்பதும் அதே தாழ்வாரத்தில்தான். யாராவது ஒரு துணை விமானிக்குக் காய்ச்சல் வந்தால் உங்கள் விமானம் நிற்கக் கூடாது, 180 பேர் கவுண்டரில் கத்தக் கூடாது, அதற்குத்தான் அவள் கொண்டை கலையாமல் உட்கார்ந்திருக்கிறாள். உங்களுக்கு அது காப்புறுதி மாதிரி. காப்புறுதிக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறீர்கள், இவளுக்குக் கட்டவில்லை. பறக்கிற நாளிலும் இதே கதைதான். விமானச் சக்கரம் நகர்ந்தால்தான் அவளுக்கு நேரம் எண்ணுவீர்கள். சாயங்கால இடிமழையில் ஓடுபாதை மூடிக் கிடக்க, பயணிகளை ஏற்றிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அதே இடத்தில் நின்றால் அது கணக்கில் இல்லை. பாதுகாப்புக்காக 28 நாளில் 100 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, நல்ல விதி. ஆனால் நிமிஷக் கணக்கில் அவள் சம்பாதிக்கக்கூடியதும் அந்த நூறோடு முடிந்தது என்பதையும் பாருங்கள். அந்த நூறு மணி நேரத்தைச் சுற்றி எத்தனை மணி நேரம் இலவசமாகப் போகிறது என்று உங்கள் ரோஸ்டர் கம்ப்யூட்டருக்கே தெரியும்.

இதை வெறும் பணக் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவில் பஃபலோ பக்கத்தில் ஒரு சிறிய பயணி விமானம் வீட்டின்மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். கேப்டன் விமானத்தைத் தவறாகக் கையாண்டதுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. ஆனால் கேப்டன், துணை விமானி இருவரையும் களைப்பு பாதித்திருக்கக்கூடும் என்பதையும் அதே அறிக்கை எழுதியது. அந்தத் துணை விமானி சின்னப் பெண். வேலைக்கு வருவதற்காக முதல்நாள் ராத்திரி முழுக்க சியாட்டிலிலிருந்து பயணம் செய்து, விமானப் பணியாளர் அறையில் படுத்து எழுந்து விமானம் ஏறியவள். அவளுடைய குறைந்த சம்பளத்தைப் பற்றி அந்த நாட்டு நாடாளுமன்றம்வரை பேசினார்கள். விமானியின் ஓய்வு விதிகளைப் புதிதாக எழுதினார்கள். என் மகள் இதை எனக்குச் சொன்ன நாளிலிருந்து அவள் தூங்கினாளா என்று தினமும் கேட்கிறேன்.

ஊரில் என்ன பேசுகிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். மார்க்கெட்டில் ஒரு அண்ணன் என்னிடமே கேட்டார், “அக்கா, பைலட்டுக்கு என்னக்கா குறை? நம்ம ஆளுங்க 1,700 வெள்ளிக்கு முட்டி மோதுறாங்க, அவங்க சங்கம் வச்சுச் சண்டை போடுறாங்களே.” அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெளியே தெரிவது தொப்பியும் தோள்பட்டைக் கோடும்தான். படிப்புக்கு மூன்று லட்சம் வெள்ளிக்கு மேல் செலவானதும், அதற்கு இந்தத் தாமான் (குடியிருப்பு) வீட்டை அடமானம் வைத்ததும், அவள் அப்பா ஓய்வுக்காக எடுத்த சேமநிதி அதில் போனதும் தோள்பட்டையில் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர் பரீட்சை, வருஷா வருஷம் மெடிக்கல். கண்ணிலோ காதிலோ ஒரு கோளாறு வந்தால் அந்த உரிமம் வெறும் காகிதம், ஆனால் கடன் அப்படியே நிற்கும்.

இந்த ஊர் ஒற்றுமையைத் தெரியாத ஊர் இல்லை. மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டம் வாங்கியவர்கள் எங்கள் பெற்றோர். அதற்கும் முன்னால், 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? கூலியை உயர்த்து, கள்ளுக்கடையை மூடு என்பதோடு, வெள்ளைக்காரத் துரையோ தோட்டத்துக் குமாஸ்தா கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பதை நிறுத்து என்றும் கேட்டார்கள். அதற்குப் பதிலாகத் துப்பாக்கிச் சூடு, தலைவர் ஆர்.எச். நாதன் நாடுகடத்தல். விமானத் துறையிலும் நடந்திருக்கிறது. 1979இல் தேசிய விமான நிறுவனத்தின் ஊழியர்கள் கூட்டு ஒப்பந்தத்துக்காக நின்றபோது சங்கத்துக்காரர்களை இசாவில், அதாவது விசாரணையில்லாமல் அடைத்து வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில், பிடித்துப் போட்டார்கள், சங்கத்தின் பதிவையே ரத்து செய்தார்கள். இன்றுகூடத் தோட்டத்து ஆட்களுக்கு வீடு இல்லை, மயானத்துக்கு நிலம் இல்லை, ஒவ்வொன்றுக்கும் மகஜர் எழுதி எழுதியே ஒரு தலைமுறை போய்விட்டது, யாரிடம் போய் நின்றாலும் அடுத்த மாதம் வா என்கிறார்கள், அந்த அடுத்த மாதம் வருவதே இல்லை. மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். அந்தக் கோபத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. ஸ்டேண்ட்பைக்கு நீங்கள்தான் பொறுப்பு.

உங்கள் தனிக் கடிதத்துக்கு வருகிறேன். கேப்டன்களுக்கு அதிலே நல்ல உயர்வு காட்டியிருந்தீர்கள், துணை விமானிகளின் ஸ்டேண்ட்பை விஷயத்தைப் பிறகு பார்க்கலாம் என்றிருந்தீர்கள். எங்கள் தோட்டத்திலும் இதைச் செய்தார்கள். வெட்டுக்காரர்களுக்கு ஒரு விலை, வெளிக்காட்டு வேலைக்காரர்களுக்கு ஒரு விலை என்று பிரித்து, ஒரே லயத்து வரிசை வீடுகளில் இரண்டு அடுப்புக்கு நடுவே பேச்சு நின்றுபோனது. அதனால்தான் என் மகள் அடுத்து சொன்னதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளோடு பறக்கிற கேப்டன்கள், ஓய்வுக்கு நாலைந்து வருஷமே இருக்கிறவர்கள், அந்தக் கடிதத்தைக் கையெழுத்துப் போடாமல் சங்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்களாம். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று வித்தியாசமில்லாமல். எல்லாருக்கும் ஒரே ஒப்பந்தம், அது வரும்வரை பேசுவோம் என்கிறார்கள். உங்கள் அதிகாரி ஒருவர், “2024 செப்டம்பரிலிருந்து தொழிற்சங்கச் சட்டம் மாறிவிட்டதே, பிடிக்காதவர்கள் இன்னொரு சங்கம் ஆரம்பிக்கலாமே” என்றாராம். அந்தத் திருத்தம் தொழிலாளிக்குச் சங்கம் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுக்க வந்தது. அதை ஆளைப் பிரிக்க எடுத்துக்காட்டுவது உங்கள் நாற்காலிக்கு அழகில்லை.

1967ஆம் ஆண்டு தொழிலியல் தொடர்புச் சட்டத்தில், பேச அழைத்தால் 14 நாளுக்குள் பதில், பதில் தந்த 30 நாளுக்குள் பேச்சுத் தொடக்கம் என்று இருக்கிறது. தொடங்க நாள் குறித்த சட்டம், முடிக்க நாள் குறிக்கவில்லை. அந்த ஓட்டையில்தான் நீங்கள் பதினெட்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். இனி விவகாரம் அமைச்சர் வழியாகத் தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போனால் அவர்களால் வேலைநிறுத்தமும் செய்ய முடியாது, தீர்ப்பு வரக் காத்திருக்க வேண்டும். அவர்கள் வேலைநிறுத்தம் கேட்கவில்லை. மேசைக்கு வாருங்கள் என்றுதான் கேட்கிறார்கள். 2024இல் கனடாவில் ஒரு பெரிய விமான நிறுவனத்தின் விமானிகள் வேலைநிறுத்தத்தின் விளிம்புவரை போனார்கள். கடைசி நேரத்தில் நிர்வாகம் உட்கார்ந்து பேசியது, நான்கு வருஷத்தில் ஏறக்குறைய 42 விழுக்காடு உயர்வோடு ஒப்பந்தம் முடிந்தது, ஒரு விமானமும் அதற்காகத் தரையில் நின்றுவிடவில்லை. எங்களுக்கு அந்த 42 வேண்டாம். காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி எழுதுங்கள்.

ஆகவே, ஐயா, அம்மா, பணிவோடு கேட்கிறேன். அனுப்பிய தனிக் கடிதங்களைத் திரும்பப் பெறுங்கள். ரத்து செய்த கூட்டத்துக்கு இந்த மாதத்திலேயே ஒரு தேதி கொடுங்கள், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் ஒருவரை அனுப்புங்கள். ஸ்டேண்ட்பை நாளுக்கும், கதவைச் சாத்திக்கொண்டு தரையில் நிற்கும் நேரத்துக்கும் ஒரு விலை கூட்டு ஒப்பந்தத்தில் எழுத்தில் வர வேண்டும். எவ்வளவு என்பதை நீங்களும் சங்கமும் பேசிக்கொள்ளுங்கள், பூஜ்யம் மட்டும் வேண்டாம்.

அடுத்த ரோஸ்டரில் என் மகளுக்கு ஐந்து நாள் ஸ்டேண்ட்பை போட்டிருக்கிறீர்கள். அது பாட்டியின் படத்துக்கு மாலை போடும் வாரம். அவள் வர மாட்டாள், நானே மறுபடி ரயிலேறிப் போகிறேன். உங்களில் யாராவது ஒருவர் அந்த ஐந்து நாளில் ஒரு நாள் அந்த அறைக்கு வாருங்கள். சோறு போடுகிறேன். அந்தத் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அதன் பிறகு கூட்டத்துக்குத் தேதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து,
உங்கள் துணை விமானி ஒருத்தியின் அம்மா