கடலில் திரிசடை, தரையில் யார்?

ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 கணினிப் போர் விளையாட்டின் வடிவமைப்புக் குழுவினருக்கு,

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் 2022 ஏப்ரல் 28ஆம் திகதி ‘டைனஸ்டிஸ் ஒஃப் இந்தியா’ என்ற விரிவாக்கத்தை வெளியிட்டபோது இங்கே டொலர் முந்நூறு ரூபாயைத் தாண்டியிருந்தது, தினமும் மின்வெட்டு. கரண்ட் இருந்த இரவில் தரவிறக்கி வைத்துவிட்டு, அடுத்த நாள் மின்வெட்டு நேரத்தில் லப்டொப் பற்றரியில் திறந்தோம். அக்காவின் மகனுக்கு அப்போது 13 வயது. அதில் புதிதாகச் சேர்ந்த நாடுகளில் ஒன்றான திராவிடர்களைத் தெரிவுசெய்து ஒரு கிராமவாசியைச் சொடுக்கினான். தமிழில் பதில் வந்தது. திரும்பவும் சொடுக்கினான். பிறகு ஆடு மேய்க்கவும் வீடு கட்டவும் மறந்து சொடுக்கிக்கொண்டே இருந்தான். குசினிக்குள் நின்ற அக்கா, “ஆரடா அங்க கதைக்கிறது?” என்று எட்டிப் பார்த்தா.

1999 முதல் உலகம் ஆடிவரும் ஒரு விளையாட்டில் எங்கள் மொழி கேட்டது எங்கள் வீட்டுக்குப் பெரிய விஷயம். அதற்கான நன்றி குறையவில்லை. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உறுமி வீரன். புதிதாக வந்த படைகளில் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு அதுதான். சார்ஜ் எனும் தாக்குதல் சக்தி நிரம்பியிருக்கும்போது விழும் முதல் வீச்சு பக்கத்தில் நிற்பவர்களையும் சேர்த்து வெட்டும். அதன்பின் மறுபடி நிரம்பும்வரை அவன் சாதாரண வாள்வீரன். அடி, பின்வாங்கு, காத்திரு, மறுபடி அடி என்று ஆடுபவரின் கைக்கு ஒரு தாளம் கிடைக்கிறது. சிலம்ப ஆசான்கள் உறுமி எனும் சுருள்வாளைக் கடைசியில்தான் சொல்லிக்கொடுப்பார்கள், ஏனென்றால் சுழற்றத் தெரியாதவனை அது திருப்பி வெட்டும். அந்தக் குணம் உங்கள் வீரனிடம் இருக்கிறது. அவசரப்பட்டுக் கூட்டத்துக்குள் விட்டால் வீண். பொறுத்து விட்டால் ஒரு வரிசையே விழுகிறது. வில்லாளர் முன்னால் அவன் சீக்கிரம் சாவது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் வெல்லும் படை அலுத்துப்போகும்.

திராவிடரின் திரிசடைக் கப்பல் வேறு கதை. அந்தப் பெயரைக் கேட்டதும் எங்களுக்கு முதலில் நினைவு வருவது இலங்கையில் சீதைக்குத் துணைநின்றவள். கப்பலைப் பார்த்தால் கண் நிறைகிறது. ஆனால் அது ஆட்டத்தின் கடைசிக் கட்டமான இம்பீரியல் காலத்தில்தான் வரும், துறைமுகத்தில்தான் கட்டலாம். கடல் மேப்களில் ஆட்டம் அந்த இடத்துக்கு வருவதற்குள் கலி எனும் போர்க்கப்பல்களும் தீக்கப்பல்களும் பெரும்பாலும் முடிவைச் சொல்லிவிடுகின்றன. வென்றுகொண்டிருப்பவர் இன்னும் வெல்வதற்குத்தான் திரிசடை உதவுகிறது. அரேபியா போன்ற தரை மேப்பிலோ அது படத்தில் மட்டும். மீனவர் சலுகையும், ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கிடைக்கும் 5 மக்கள்தொகை இடமும் அங்கே சேர்ந்து காணாமல் போகின்றன.

சரி, தரையில் என்ன நடக்கிறது? ஒரு ஆட்டத்தை அப்படியே சொல்கிறேன்.

நான் குதிரைப்படைக்குப் பேர்போன பிராங்க்ஸ், மருமகன் திராவிடர், மேப் அரேபியா. பதினெட்டாம் நிமிடமளவில் நைட் எனும் கனரகக் குதிரை வீரர் ஆறு பேரை அவனுடைய தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினேன். பிழை எதுவும் அவன் விடவில்லை. படைக்கொட்டில் மேம்பாடுகள் அவனுக்குப் பாதி விலை. ஈட்டிக்காரர்கள் முன்பே தயார். அவர்கள் சுரங்கத்துக்கு வந்து சேர, நான் அங்கே வேலைசெய்த மூன்று பேரைக் கொன்றுவிட்டு மரம் வெட்டும் இடத்துக்குப் போய்விட்டேன். அங்கே வந்தார்கள், நான் திரும்பவும் சுரங்கத்தில். படையை இரண்டாகப் பிரித்தான். சின்ன பாதியை வளைத்து அடித்தேன். என் நைட் ஒன்றின் விலைக்கு அவன் இரண்டு ஈட்டிக்காரரை எடுக்கலாம். நேருக்கு நேர் நின்றால் அவன்தான் வெல்வான். நான் நேருக்கு நேர் நிற்கவே இல்லை. சண்டை எங்கே, எப்போது என்று முடிவெடுத்தது குதிரைமேல் இருந்தவன். இருபத்தாறாம் நிமிடம் அவன் கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு, “மாமா, இவங்களுக்கு ஓடத் தெரியாது” என்றான்.

நைட் இல்லை. ஒட்டகம் இல்லை. லைட் கவல்ரி இருக்கிறது, ஆனால் உயிர் கூட்டும் பிளட்லைன்ஸ் மேம்பாடும் வேகம் கூட்டும் ஹஸ்பண்ட்ரி மேம்பாடும் இல்லாமல் அதற்கு உயிரும் குறைவு, வேகமும் குறைவு. காலம் மாறும்போது 200 மரம் தருகிறீர்கள், முற்றுகை இயந்திரங்களுக்கு மர விலையைக் குறைக்கிறீர்கள். நல்ல சலுகைகள்தான். விலையில் கொடுக்கும் எந்தச் சலுகையும் வேகத்தில் இருக்கும் பள்ளத்தை நிரப்பாது. 2022க்குப் பின் வந்த பேட்ச்களில் எண்கள் ஏறின, இறங்கின. இந்தப் பள்ளம் அப்படியே கிடக்கிறது.

அதற்காக நைட்டைத் தூக்கிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. கொடுத்தால் திராவிடர் இன்னொரு பிராங்க்ஸ் ஆகிவிடுவார்கள். அதே வெளியீட்டில் கூர்ஜரருக்கு அம்பைத் தவிர்க்கும் ஸ்ரீவம்ச வீரனைக் கொடுத்துவிட்டுப் பிறகு நீங்களே பலம் குறைக்க வேண்டிவந்தது. தென்னாட்டில் நல்ல குதிரை பிறக்காது என்ற வரலாற்று உண்மையை மதித்திருக்கிறீர்கள். ஆனால் அது பாதி உண்மை. பிறக்காத குதிரையை எங்கள் அரசர்கள் பொன் கொடுத்து வாங்கினார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, பாரசீக வளைகுடாவின் ஹோர்முஸ் பக்கத்திலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்ததையும், சரியாகப் பராமரிக்கத் தெரியாமல் அவற்றில் பல செத்துப்போனதையும் எழுதிவைத்திருக்கிறார்.

கொழும்பு தேசிய நூதனசாலையில் காலியிலிருந்து வந்த ஒரு கல் இருக்கிறது. 1409ஆம் ஆண்டுத் திகதியுடன் சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. சீனம், பாரசீகம், தமிழ் என்று மூன்று மொழி. இலங்கைத் துறைமுகம் ஒன்றில் நிறுத்தும் கல்லுக்குத் தமிழும் பாரசீகமும் வேண்டியிருந்தன, ஏனென்றால் அவை அப்போது இந்தக் கடலின் வியாபார மொழிகள். நீங்கள் 1025இல் கடாரம் போன கடற்படையைத் திரிசடையாக்கினீர்கள். வணிகரை விட்டுவிட்டீர்கள். திராவிடரிடம் வியாபாரம் சார்ந்த ஒரு சலுகைகூட இல்லை.

அதனால் இதைச் சோதித்துப் பாருங்கள். இம்பீரியலுக்கு முந்தைய காசில் காலத்தில், சந்தை கட்டிய திராவிடர் தங்கம் மட்டும் கொடுத்து அங்கே குதிரை வீரரை வாங்கட்டும். விலை நைட்டைவிட அதிகமாக இருக்கட்டும். ஒரு சந்தைக்கு ஒரு நேரத்தில் நாலைந்து பேருக்கு மேல் வேண்டாம். பிளட்லைன்ஸ் வேண்டாம். எதிரி சந்தையை உடைத்தால் வரத்து நிற்கட்டும். குதிரைப்படை நாடாக மாற இது போதாது. சுரங்கத்துக்கு வரும் ஆறு நைட்டுகளை ஈட்டிக்காரர் வரும்வரை தடுத்துவைக்கப் போதும். எல்லா மேப்பிலும் சந்தை கட்டலாம் என்பதால் தரையிலும் இது செத்த சலுகையாகாது. திரிசடையை ஒரு காலம் முன்னால் கொண்டுவருவது பற்றியும் யோசியுங்கள், உயிரையும் அம்புகளையும் குறைத்தாவது.

மருமகனுக்கு இப்போது கை என்னைவிட வேகம். தீவு மேப் என்றால் இன்னும் திராவிடரைத்தான் எடுக்கிறான், தொடக்கத்தில் ஒரு கிராமவாசியை இரண்டு மூன்று தரம் சொடுக்கிவிட்டுத்தான் ஆடத் தொடங்குவான். போன ஞாயிறு அரேபியா வந்தது. பிராங்க்ஸ் எடுத்தான்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு ஆட்டக்காரன்