கரண்ட் வைப்பது மட்டும் பிசியோதெரபி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

முழங்கால் தேய்மானத்துக்கு பிசியோதெரபி என்றாலே பத்து நாள் கரண்ட் வைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கரண்டும் மெழுகு ஒத்தடமும் வலியைக் கொஞ்ச நேரம் தணிக்கும், அவ்வளவுதான். (சர்க்கரை நோயால் கை, கால் மரத்தவர்களுக்கு மெழுகின் சூடு உறைக்காது; கொப்புளம் வந்த பிறகே தெரியும்.) மூட்டின் பாரத்தைத் தாங்கிக்கொடுப்பது முன்தொடைத் தசை. வலிக்குப் பயந்து நடமாட்டத்தைக் குறைத்தால் அது வற்றும். சுமை மூட்டின் மேலேயே இறங்கும்.

இந்தத் தசையை வலுப்படுத்த, காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை முழங்காலால் கீழே அழுத்தி 5 எண்ணும்வரை நிறுத்துங்கள். 10 முறை, மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது. பழகியபின், உயரமான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரலாம். பயிற்சி முடிந்து 2 மணி நேரமாகியும் வலி வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால், மறுநாள் எண்ணிக்கையைக் குறையுங்கள், அடியோடு விட்டுவிடாதீர்கள். இதமாக இருக்கிறதென்று இரவெல்லாம் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால், கால் மடங்கியபடியே இறுகிவிடும்.

கைத்தடியை வலிக்கும் கால் பக்கமே பிடிக்கிறார்கள். எதிர்க் கையில் பிடித்து, வலிக்கும் காலோடு சேர்த்து ஊன்ற வேண்டும். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, அதுதான் கைப்பிடியின் உயரம்.

மூட்டுகளில் அழற்சி வரும் முடக்குவாதத்தில் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) விரல்களைக் காப்பதே பெரும்பாடு. வலக் கையால் ஜாடி மூடியைத் திருகித் திறக்கும்போது விரல்கள் சுண்டுவிரல் பக்கம் தள்ளப்படுகின்றன. ஏற்கெனவே கோணல் விழுவதும் அந்தப் பக்கம்தான். இடது உள்ளங்கையை மூடிமேல் பதித்துத் திருகலாம். குக்கரை ஒரு கைப்பிடியில் தூக்காமல் இரு கைகளாலும் ஏந்துங்கள். கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கினால் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை.

இவற்றைக் கற்றுத்தருவது ஆக்குபேஷனல் தெரபி. பெயரைக் கேட்டு வேலைவாய்ப்புப் பயிற்சி என்று நினைப்பவர்களும் உண்டு! 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். அந்த வருகையிலேயே கழிப்பறைப் பீடத்தின் உயரம், பிடித்து எழச் சுவரில் கம்பி, நோயாளி குந்தி உட்கார்ந்து செய்யும் சமையல் வேலை ஆகியவற்றையும் பார்த்து மாற்றிக்கொடுக்க, வட்டாரத்துக்கு ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டையாவது அரசு நியமிக்க வேண்டும்.

– இயன்முறை மருத்துவர்கள் சிலர், மதுரை