பிஞ்சுக் கைகளுக்குக் கொடுக்கப் பழக்கியவர்களுக்கு நன்றி

நத்தார் முடிந்து குடிலும் கழற்றியாயிற்று. நன்றிக்கடன் மட்டும் மிச்சமாய் நிற்கிறது. நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்தின் நான்கு கிழமையும், மூன்று முதல் ஆறு வயதுவரையான எங்கள் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் முதியோர் இல்லத்துக்குத் தங்கள் கையாலேயே பரிசு செய்து கொடுக்கத் துணைநின்ற எல்லோருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி ஆலைக்கார ஐயாவுக்கு. மிளகாய்த்தூள் அரைத்த மிசினில் அப்படியே பயற்றைப் போட்டால் மாவில் காரம் ஏறிவிடும். பிறகு பிள்ளைகள் தொடவும் முடியாது. நீங்கள் முதலில் இரண்டு சுண்டு அரிசியை ஓடவிட்டுச் சுத்தமாக்கி, அதன்பிறகே வறுத்த பயற்றை அரைத்துத் தந்தீர்கள்.

பயற்றம் உருண்டை பிடிக்க வந்த அம்மம்மாக்களே, அப்பம்மாக்களே, அரைக் கிலோ மாவுக்கு ஒரு தேங்காய்ப்பூ, 350 கிராம் சர்க்கரை என்ற உங்கள் கணக்கு பிசகவில்லை. மாரிக் குளிரில் தேங்காய்ப்பூவில் ஈரம் நின்றால் மூன்றாம் நாளே புளித்து மணக்கும் என்று, கையில் ஒட்டாமல் சரசரக்கும்வரை வறுத்தீர்கள். பாகுதான் பெரிய சிக்கல். சூடாக இருந்தால் பிள்ளையின் கை சுடும், ஆறிவிட்டால் மா உதிரும். அதற்கு நீங்கள் கண்ட வழி அருமையானது: கால் கிலோ மாவாகப் பிரித்துக் குழைத்து, மூடி வைத்து, பெரியவர் ஒருமுறை இறுக்கிப் பிடித்த பிடியைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தீர்கள். உருட்டியது பிள்ளைதான். கோணலாக வந்ததை யாரும் வாங்கித் திருத்தி உருட்டவில்லையே, அதற்குத் தனி நன்றி. திருத்தினால் அது பெரியவருடைய பரிசாகிவிடும்.

பனையோலைப் பெட்டி இழைத்த அக்காமாரே, பெட்டிகளை வெயில் கண்ட இரண்டு நாளும் காயவைத்து, உள்ளே எண்ணெய்க்கடதாசி விரித்துத் தந்ததால் ஒன்றிலும் பூஞ்சணம் பிடிக்கவில்லை.

பெற்றோருக்குச் சொல்வதை ஆறுதலாகச் சொல்ல வேண்டும். கடையில் வாங்கிய பார்சலைப் பிள்ளையின் கையில் திணித்து ‘கொடு’ என்பது சுலபம். நீங்கள் அதைச் செய்யவில்லை. உண்டியலுக்குப் பால்மாப் பேணி வேண்டாம், உள்ளே தெரிகிற பிளாஸ்ரிக் போத்தல் வேண்டும் என்றோம். நாலு வயதுப் பிள்ளைக்குத் தொகை விளங்காது, காசு மட்டம் உயர்வதுதான் விளங்கும். கைம்பெண் போட்ட இரண்டு காசின் கதையை (மாற்கு 12) சொல்லிவிட்டு, பிள்ளைக்குக் கிடைத்த கைக்காசிலிருந்தே போடவிட்டீர்கள். விளையாட்டுச் சாமான் கொடுக்க மனமில்லாமல் அழுத பிள்ளையிடம் பறிக்காமல் அடுத்த ஞாயிறுவரை பொறுத்தீர்கள். பறித்தால் பிள்ளை படிப்பது ஒளித்துவைக்கத்தான்.

‘கொடுத்தால் ஐஸ்கிறீம்’ என்று ஆசை காட்டாததற்கும் நன்றி. 2008 இல் வெளியான ஜெர்மனிய ஆய்வில், உதவியதற்குப் பொருள் பரிசு பெற்ற 20 மாதக் குழந்தைகள் பிறகு குறைவாகவே உதவின. 2012 இல் வந்த கனடிய ஆய்வில், இரண்டு வயது நிரம்பாத குழந்தைகள் தின்பண்டத்தை வாங்கும்போதைவிடக் கொடுக்கும்போது கூடுதலாக மகிழ்ந்தன, அதுவும் தங்கள் கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது இன்னும் கூடுதலாக. மகிழ்ச்சி பிள்ளைக்குள்ளே ஏற்கெனவே இருக்கிறது. நாம் அதை விலைபேசிக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

முதியோர் இல்லத்து ஐயாமாரே, அம்மாமாரே, உங்களுக்குத்தான் மிகப் பெரிய நன்றி. பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கத் தேவையில்லாமல் தாழ்வான வாங்குகளில் இருந்தீர்கள். பெட்டியை உடனே மேசையில் வைத்துவிடாமல், திறந்து, ஒரு உருண்டையைப் பிள்ளையின் கண்முன்னே கடித்துச் சாப்பிட்டீர்கள். அந்தக் கணத்தில் பிள்ளைகளின் முகம் விரிந்ததே, அதுதான் முழுப் பாடமும். பதிலுக்கு ரொபி கொடுக்க உங்கள் கை துடித்தது எங்களுக்குத் தெரியும். அதை அடக்கித் தலையைத் தடவிப் பெயரைக் கேட்டீர்கள். ரொபி கைமாறியிருந்தால் பிள்ளை அதைப் பண்டமாற்று என்றே எடுத்திருக்கும்.

கூலி வாங்காமல் ஏற்றியிறக்கிய ஓட்டோத் தம்பிமாருக்கும், பொங்கலுக்குத் தங்கள் பிள்ளைகளையும் இப்படிச் செய்யவைக்கப் போகிறோம் என்று வழிமுறை கேட்டுவந்த சைவ அயலவருக்கும், படம் எடுக்காமல் போனைப் பைக்குள் வைத்திருந்த எல்லோருக்கும் நன்றி.

உண்டியல் போத்தல்களை எறிந்துவிடாதீர்கள். கழுவிக் காயவைத்துப் பேராலய வளவில் தந்தால், மூடியின் வெட்டு போதிய அகலமாக இருக்கிறதா என்று பார்த்து வைப்போம். வெட்டு சிறிதானால் 20 ரூபாய்க் குற்றி இறுகி நிற்கிறது.

அன்புடன்,
மறைக்கல்வி ஆசிரியர்கள், யாழ்ப்பாணம்